ஏழு வருடம் கடந்தும் வாரிசு வரியா?

கேள்வி: 2012-இல், சொலிசிட்டர் ஒருவரின் யோசனைப்படி அம்மா லண்டன் வீட்டை என் பெயருக்கு எழுதித் தந்தார். "ஏழு வருடம் போனால் வரி இல்லை" என்றார் சொலிசிட்டர். அம்மா கடைசிவரை அங்கேயே இருந்தார். நான் வாடகை வாங்கவில்லை. போன வருடம் காலமானார். இப்போது வீட்டுக்கும் வாரிசு வரி கேட்கிறார்கள். "என் கட்சிக்காரர் உங்கள் அம்மா, நீங்களல்ல" என்கிறார் சொலிசிட்டர். நான் வழக்குப் போடலாமா?

பதில்: ஏழு வருடக் கணக்கு, கொடுத்ததை உண்மையாகவே விட்டு விலகியவர்களுக்குத்தான். எழுதிக் கொடுத்த வீட்டில் வாடகையின்றித் தொடர்ந்து குடியிருந்தால், 1986-ஆம் ஆண்டு நிதிச் சட்டப்படி அது வரிக்கணக்கில் அம்மாவின் சொத்தாகவே சேரும். வரம்பான 3,25,000 பவுண்டுக்கு மேல் 40 சதவீதம். அப்பா முன்பே இறந்திருந்தால், அவர் பயன்படுத்தாத வரம்பையும் கேட்டாயிற்றா என்று முதலில் பாருங்கள். வரியே குறைந்துவிடலாம்.

சொலிசிட்டரின் பதில் பழைய காலத்துப் பதில். வைட் எதிர் ஜோன்ஸ் வழக்கில், மகள்கள் மீதிருந்த கோபம் தணிந்த தகப்பன், அவர்கள் இருவருக்கும் ஆளுக்கு 9,000 பவுண்டு உயிலில் எழுதச் சொன்னார், சொலிசிட்டர் தாமதித்தார், தகப்பன் இறந்துவிட்டார். மகள்களுக்கு அந்தச் சொலிசிட்டர் ஈடு தரவேண்டும் என்று 1995-இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது, மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில்.

வரி விஷயத்தில் நீதிமன்றங்கள் அவ்வளவு தாராளம் காட்டவில்லை. 2004-இன் டேனியல்ஸ் எதிர் தாம்சன் ஏறக்குறைய உங்கள் கதைதான். மகன், தாயின் உயிலை நிறைவேற்றுபவர் என்ற முறையில் வழக்குப் போட்டார். உயிரோடு இருந்தவரை தாய்க்கு எந்த நட்டமும் இல்லையே என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளிவிட்டது. ஆகவே நீங்கள் உங்கள் பெயரிலேயே, நட்டப்பட்டவராகக் கேட்க வேண்டும். 2010-இல் வின்டன் வழக்கில், வாரிசுகளின் இப்படியொரு கோரிக்கையை விசாரிக்காமலே தள்ள நீதிமன்றம் மறுத்தது. அது வெற்றியல்ல, கதவு மூடவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் சிக்கல் வேறு இடத்தில். வீட்டை எழுதிக் கொடுக்காமலே இருந்திருந்தாலும் இதே வரி வந்திருக்கும். அப்படியானால் உங்களுக்கு என்ன நட்டம் என்று எதிர்த்தரப்பு கேட்கும். சரியான யோசனை கிடைத்திருந்தால் அம்மா சந்தை வாடகை கொடுத்திருப்பார், அல்லது வேறிடம் போயிருப்பார் என்று நீங்கள் காட்டியாக வேண்டும். அம்மாவிடம் வாடகை கொடுக்க வருமானம் இருந்ததா? மூலதன ஆதாய வரியையும் மறக்காதீர்கள்: வீட்டை விற்கும்போது ஆதாயம் 2012 மதிப்பிலிருந்து கணக்காகும், அம்மா இறந்த நாளின் மதிப்பிலிருந்து அல்ல. எழுதிக் கொடுத்ததால் வந்த இந்த நட்டத்தை நிரூபிப்பது எளிது.

உயிலை நிறைவேற்றுபவர் மூலம் சொலிசிட்டரிடமிருந்து அம்மாவின் கோப்பை உடனே வாங்குங்கள். அவர் என்ன சொன்னார், அம்மா என்ன கேட்டார் என்பது அதில்தான் இருக்கும். காலக்கெடு பொதுவாக ஆறு வருடம், விவரம் பின்னால் தெரிந்தால் தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடம். ஆனால் தவறு நடந்து பதினைந்து வருடம் ஆனால் கவனக்குறைவு வழக்குக்கு வழியே இல்லை. உங்கள் பத்திரத்தின் தேதிப்படி அந்தக் கெடு 2027.