நாளுக்குப் பத்துப் பக்கம்



நம்மில் பலர் வீட்டில் நூல்கள் உண்டு. படிக்க நேரமில்லை என்கிறோம். உண்மையில் குறைவது நேரமன்று, ஒழுங்கே.

நெகிரி செம்பிலான் ரப்பர்த் தோட்டங்களை நம்பிக் கடை நடத்தும் நாம், பால்மரம் வெட்டுவோரைக் கண்டிருக்கிறோம். பட்டையை மெல்லிசாகச் சீவுகிறார்கள்; பிறகு மரத்துக்கு ஓய்வு தருகிறார்கள். ஒரே நாளில் மிகுந்த பாலுக்கு ஆசைப்பட்டு ஆழ வெட்டினால் மரம் காயப்படும். வாசிப்பும் அத்தகையதே. விடுமுறையன்று முழு நூலையும் முடிக்க உட்காருகிறோம், அலுத்து மூடுகிறோம், பின்னர் மாதக்கணக்கில் தொடுவதில்லை.

இரவு கடையடைத்துக் கணக்கு எழுதியதும், அதே மேசையில் பத்துப் பக்கம் படிப்போமாக. மாதம் 300 பக்கம். ஏறத்தாழ ஒரு நூல். நாள் தவறாமல் பற்றுவரவு எழுதும் கைக்கு இது பாரமா? ஒருநாள் தவறினால் மறுநாள் இருபது பக்கம் வேண்டாம். மழையால் வெட்டு நின்றதற்காக மறுநாள் யாரும் ஆழ வெட்டுவதில்லை அல்லவா?

1887-ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் 'சிங்கை நேசன்' என்னும் தமிழ் வார இதழின் ஆசிரியராயிருந்தவர் மகுதூம் சாயபு. இம்மண்ணில் தமிழ் எழுத்து நமக்குப் புதிதன்று. ஆனால் நாம் பேரேட்டை மட்டுமே புரட்டக் காணும் பிள்ளை, தமிழ் நூல் நமக்கு வேண்டாத பொருள் என்றே எண்ணும். நாம் நூலை விரித்தால் அதுவும் அருகில் வந்து அமரும்.

ஆகவே, இன்றிரவே முதற்பக்கத்தைத் திறப்போம்.