பள்ளிக்கரணைக் கழிவெளி

நீர் தங்கும் இடங்களின் இயல்பை நன்கு அறிந்தவர் நம் முன்னோர். குளம், ஏரி, மடு, கழி என அவற்றிற்கு வெவ்வேறு பெயரிட்டு வழங்கினர். ஆழ்ந்த ஏரியும் அன்று, உலர்ந்த தரையும் அன்று என்னும்படி, மழைநீர் பரந்து நின்று மெல்ல வடியும் தாழ்நிலம் கழிவெளி எனப்பட்டது. சென்னை மாநகரின் தென்பால் அமைந்துள்ள பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் அத்தகைய கழிவெளியே ஆகும்.

சுற்றிலும் உள்ள பல ஏரிகள் நிரம்பி வழியும்போது, அவற்றின் மிகைநீர் இங்கு வந்து சேர்கின்றது. வந்த நீர் உடனே ஓடிவிடுவதில்லை. கோரையும் சம்பும் அதன் விரைவைத் தணிக்கின்றன. ஒரு பகுதி நிலத்தடிக்கு இறங்குகின்றது. எஞ்சியது ஒக்கியம் மடுவின் வழியே பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளத்தருகே கடலொடு கலக்கின்றது.

நீர் நிற்கும் ஆழம் இடத்துக்கிடம் வேறுபடுதலால், பறவைகளும் பலவாயின. நூற்றுக்கு மேற்பட்ட புள்ளினங்கள் இங்குக் காணப்படுகின்றன. இலைக்கோழி தன் நீண்ட விரல்களை ஊன்றி, மிதக்கும் இலைகளின்மேல் நடக்கும். தாழைக்கோழி சம்புப் புதரில் மறைந்து வாழும். பூநாரை வளைந்த அலகால் சேற்றுநீரை வடித்து இரை கொள்ளும். கூழைக்கடா தன் அலகின்கீழ்த் தொங்கும் பையால் மீனை முகக்கும். வடநாட்டுக் கடுங்குளிருக்கு அஞ்சி, ஊசிவால் வாத்துகள் மலை பல கடந்து இங்கு வந்து தங்கும். ஆழமற்ற ஓரத்தை மட்டும் மண்ணிட்டு மேடாக்கினாலும், அவ்வோரத்தையே நம்பிய பறவைகள் வாழ்விடம் இழக்கும்.

இத்துணைப் பயனுடைய நிலத்தை மக்கள் எவ்வாறு மதித்தனர்? உழவுக்கு உதவாதது, ஆகவே தரிசு என்று கருதினர். தரிசு என்ற சொல்லே இதற்குத் தீங்காயிற்று. அறுபது ஆண்டுகளுக்கு முன் ஏறத்தாழ 5,000 ஹெக்டேர் பரந்திருந்த சதுப்பில் இன்று எஞ்சியிருப்பது ஒரு சிறு பகுதியே. நெடுஞ்சாலை அதன் ஊடே சென்றது, மாளிகைகள் எழுந்தன, பெருங்குடிப் பக்கத்தில் மாநகரின் குப்பை மலையெனக் குவிந்தது.

நிலத்தின் பெயரை மனிதன் மாற்றலாம். நீரின் வழியை மாற்றுதல் எளிதன்று. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாதப் பெருமழையில், வேளச்சேரி முதலிய தாழ்வான பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. தங்க இடம் இழந்த நீர் தெருக்களில் தங்கிற்று. வறியோரும் செல்வரும் ஒருங்கே துன்புற்றனர்.

இந்நிலத்தைக் காக்க வேண்டும் என்று பொதுமக்களும் இயற்கை ஆர்வலரும் இடைவிடாது முயன்றனர். அதன் பயனாக, 2007-ஆம் ஆண்டில் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1,247 ஹெக்டேர் பரப்பு, உலகச் சிறப்புடைய ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம் பெற்றது. ஆயினும், எல்லைக்கல் நடுவதோடு காவல் முடிந்துவிடாது. நீர் தரும் ஏரிகளும், நீர் செல்லும் கால்வாய்களும் தூர்ந்து போனால், நடுவில் உள்ள சதுப்பு எங்ஙனம் பிழைக்கும்?

மாணவர்களே! உங்கள் ஊரிலும் பயனற்றது என ஒதுக்கப்பட்ட தாழ்நிலம் ஒன்று இருக்கக்கூடும். மழைக்காலத்தில் சென்று, அங்கு எந்நீர் வந்து தங்குகின்றது, எப்பறவை வந்து இறங்குகின்றது என உற்று நோக்குங்கள். பறவைக்கு இடம் அளிக்கும் நிலமே, வெள்ளத்தின்போது நமக்கும் அரண் ஆகின்றது. அதனைத் தரிசு என்று அழைப்பது அறியாமை. பேணிக் காப்பது நம் கடமை.