பிள்ளையோடு போகவேண்டிய தாள்

அன்புள்ள தங்கச்சிக்கு,

காஸாவிலிருந்து வெளியே கொண்டுவரப்படும் நோயாளிப் பிள்ளைகளுக்குத் துணையாகப் பயணிக்கும் மருத்துவக் குழுவில் தாதியாகச் சேரப்போவதாக எழுதியிருந்தீர்கள். எதைப் படித்துக்கொண்டு போகவேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். மருந்தளவுகளை உங்கள் குழு வைத்தியர் சொல்லித்தருவார். நான் சொல்ல நினைப்பது, அந்தப் பிள்ளையோடு போகவேண்டிய தாளைப் பற்றியும் ஆளைப் பற்றியும்.

இலங்கைப் போரின் கடைசி மாதங்களில், 2009 பெப்ரவரி 10இல், புதுமாத்தளன் கரையிலிருந்து சர்வதேச செஞ்சிலுவைக் குழு (ஐ.சி.ஆர்.சி.) முதல் தடவையாக 240 பேரைக் கடல்வழியாகத் திருகோணமலைக்குக் கொண்டுவந்தது. கப்பல் கரைக்கு வரமுடியாமல் ஆழத்தில் நின்றது. மீன்பிடிப் படகுகளில் காயக்காரரை ஏற்றிப்போய்க் கப்பலுக்கு மாற்றினார்கள். மே 9 வரை, துணைக்கு வந்தவர்களையும் சேர்த்து, ஏறத்தாழ 14,000 பேர் அப்படி வெளியே வந்தார்கள். அவர்களை ஏற்று வாட்டில் படுக்கவைத்த தாதிகளில் நானும் ஒருத்தி. காயத்தை எங்களால் பார்க்க முடிந்தது. கடைசி ஊசி எப்போது போட்டது, ஏற்பு ஊசி கொடுத்தாயிற்றா, தாய் எந்தப் படகில் ஏறினாள் என்பதையெல்லாம் காயம் சொல்லாது. பேசத் தெரியாத வயதுப் பிள்ளையும் சொல்லாது.

காஸாவில் வைத்தியர்கள் ஒரு குறியீட்டை உருவாக்க வேண்டிவந்தது: காயப்பட்ட பிள்ளை, உயிரோடு உறவினர் எவருமில்லை. ஒரு வாட்டில் இப்படியொரு குறியீடு தேவைப்பட்டதே போதும், அங்கே என்ன நடந்தது என்று விளங்கிக்கொள்ள. அங்கே தாய்தகப்பன்மார் பிள்ளைகளின் உடம்பிலேயே பேரை எழுதிவைத்தார்கள். நீங்களும் எழுதத்தான் வேண்டும். ஆனால் காலில் மட்டும் எழுதாதீர்கள்; அந்தக் கால் நாளைக்கு இல்லாமல் போகலாம். நெஞ்சிலும் எழுதுங்கள். பேர், தகப்பன் பேர், ஊர், துணைக்கு வருபவர் யார், பின்னால் விட்டுவந்த சகோதரங்கள் எங்கே, யாரோடு என்று தாளிலும் எழுதுங்கள். தாளுக்கு இரண்டு பிரதி வேண்டும். ஒன்று கோப்பில், மற்றது துணைக்கு வருபவரின் கையில். கோப்பு ஒரு வண்டியிலும் பிள்ளை இன்னொரு வண்டியிலும் போவது போர்க்காலத்தில் சாதாரணம்.

2023 நவம்பர் 19இல் காஸாவின் அல் ஷிஃபா மருத்துவமனையிலிருந்து குறைமாதக் குழந்தைகள் 31 பேரை வெளியே எடுத்தார்கள். மறுநாள் அவர்களில் 28 பேர் ரஃபா எல்லைக் கடவை வழியாக எகிப்துக்குப் போனார்கள். பலரோடு பெற்றோர் இல்லை. அப்படிப்பட்ட பிஞ்சுக்கு முதல் ஆபத்து குளிர். இன்குபேட்டருக்கு மின்சாரம் இல்லாதபோது ஒரு மனித நெஞ்சின் சூடுதான் மிஞ்சும். தாய் இல்லையென்றால் உங்கள் நெஞ்சில் அணைத்துக்கொள்ளுங்கள். வெட்கப்பட அதில் எதுவும் இல்லை, அது வைத்தியம்.

விமானம் என்றால் இன்னும் இரண்டைக் கவனியுங்கள். மேலே போகப்போகக் காற்று விரியும். நெஞ்சறைக்குள் காற்றுக் கசிந்திருக்கும் பிள்ளையைக் குழாய் போடாமல் ஏற்ற விடாதீர்கள். புதிதாகப் போட்ட மாவுக்கட்டை நீளவாக்கில் பிளந்துவிடச் சொல்லுங்கள், உள்ளே கால் வீங்கினால் இரத்த ஓட்டம் நின்றுவிடும்.

இவ்வளவையும் நீங்கள் சரியாகச் செய்தாலும், யார் போவது என்பதை நோய் மட்டும் தீர்மானிப்பதில்லை. காஸாப் போருக்கு முன் நாளொன்றுக்கு 50 முதல் 100 நோயாளிகள் மேல்சிகிச்சைக்காகக் காஸாவை விட்டு வெளியே போய்வந்தார்கள். 2024 மே 7இல் ரஃபா கடவை மூடப்பட்டபின் பல்லாயிரம் பேர் பட்டியலில் காத்திருந்தார்கள். அனுமதி வருமுன் இறந்த பிள்ளைகளும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். பிள்ளைக்கு அனுமதி கிடைக்கும், தாய்க்குக் கிடைக்காது. கடைசியில் பாட்டியோ மாமியோ கூட வருவார். வைத்தியக் காரணத்தால் தாமதித்ததா, அனுமதிக்காகத் தாமதித்ததா என்பதைத் திகதியோடு குறித்துவையுங்கள். பிள்ளையைத் தடுத்துவைத்தது எந்த மேசை என்று ஒருநாள் யாராவது கேட்கத்தான் வேண்டும். அன்றைக்குச் சாட்சி சொல்ல அந்தக் குறிப்பு இருக்கவேண்டும்.

அவயவம் இழந்த பிள்ளைகளைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை. பெரியவருக்குக் காலை எடுத்தால் காயம் ஆறியதும் ஒரு செயற்கைக்கால்; அது தேய்ந்தால் மாற்றவேண்டும், ஆனால் எலும்பு இனி வளராது. பிள்ளைக்கு எலும்பு வளர்ந்துகொண்டே இருக்கும். வெட்டிய முனையில் எலும்பு கூராக வளர்ந்து தோலைக் குத்தும். மறுபடி சத்திரசிகிச்சை வேண்டும். செயற்கைக்காலையும் வளர்த்திக்கு ஏற்ப, சின்ன வயதில் ஏறக்குறைய ஆண்டுக்கொரு தடவை, மாற்றவேண்டும். வளர்த்தி நிற்கும்வரை இது ஓயாது. ஏற்கும் நாடுகள் முதல் சத்திரசிகிச்சைக்குப் படம்பிடித்து வரவேற்கின்றன. மூன்றாவது சத்திரசிகிச்சைக்கு யார் இருப்பார், விசா நீடிக்குமா, திரும்பிப்போனால் அங்கே கால் செய்துகொடுக்க ஆளுண்டா என்று அந்த வரவேற்பில் யாரும் கேட்பதில்லை.

அதை நீங்கள் கேளுங்கள், தங்கச்சி. ஒவ்வொரு பிள்ளையின் தாளிலும் அடுத்த சத்திரசிகிச்சை எப்போது, எங்கே, யார் பொறுப்பு என்று ஒரு வரி எழுதி, பொறுப்பெடுப்பவரின் கையெழுத்தையும் வாங்குங்கள். மேலிடத்தில் முகம் சுளித்தாலும், அந்த வரி இல்லாமல் எந்தப் பிள்ளையையும் கைமாற்றிவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா