வெள்ளைக் கல்லும் சுக்கான் கல்லும்

சேலத்திற்கு வடக்கே, சேர்வராயன் மலையடிவாரத்தின் மரநிழல் செறிந்த ஓடைக்கரைகளில் நடப்போர், கருநிறப் பாறைகளுக்கிடையே வெண்கற்களைக் காணலாம். அவற்றுள் இருவகை உண்டு. ஒன்று, சுண்ணாம்பு சுடுதற்குரிய சுக்கான் கல், மற்றொன்று மாக்னசைட். கரும்பச்சைப் பாறையிலுள்ள மக்னீசியம், நீரில் கரைந்த கரியமில வாயுவோடு கூடி, வெடிப்புகளில் வெண்ணரம்புகளாகப் படிந்ததே மாக்னசைட். அதன் வெண்மையாலேயே இங்குள்ள குன்றுகளுக்கு ஆங்கிலத்தில் 'சாக் ஹில்ஸ்' என்று பெயர் வழங்கிற்று. உண்மையில் அங்கே சீமைச் சுண்ணாம்பு இல்லை.

இவ்விரண்டையும் நிறங்கொண்டு பிரித்தறிதல் அரிது. சுக்கான் கல் முண்டும் முடிச்சுமாய், மண் கலந்து சொரசொரப்பாயிருக்கும். மாக்னசைட்டை உடைத்தால், மெருகிடாத பீங்கான் உடைந்தாற்போல் தோன்றும். ஐயமிருப்பின், இரண்டையும் தனித்தனியே பொடித்து எலுமிச்சைச் சாறு விடுக. சுக்கான் பொடி நுரைத்துப் பொங்கும். மாக்னசைட் பொடி பெரும்பாலும் அசைவற்றிருக்கும்.

வேறுபாடறியாது மாக்னசைட்டைச் சூளையிலிடுவோர் விறகையும் உழைப்பையும் வீணே இழப்பர். அது சுண்ணாம்பைப்போல் நீறாது. அதைக்கொண்டு பூசிய சுவரும் உறுதிபெறாது. ஆயினும் அது பயனற்ற கல்லன்று. எஃகு உலைகளின் கடும் வெப்பத்தைத் தாங்கும் செங்கற்கள் அதனால் செய்யப்படுகின்றன. ஆகவே, சூளை மூட்டுமுன் கல்லைச் சோதித்தறிதல் குடியானவர் கடமையாகும்.