அக்கரையின் மணம்

வேறு மண்ணில் பிறந்தவரோடு குடும்பம் நடத்துகிறவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஒன்று சொல்வேன். "உங்க ஊர் எப்படி இருக்கும்?" என்று நேராகக் கேட்டால் பாதிதான் பதில் வரும். மீதி, ஏதாவது ஒரு மணம் எழும்பும்போது தானாக வரும். அந்த நேரத்தில் நாம் பக்கத்தில் இருக்க வேண்டும், கையிலிருக்கும் வேலையைக் கீழே வைக்க வேண்டும். அவ்வளவுதான் நம் பங்கு.

என் மனைவி பிறந்தது யாழ்ப்பாணத்தில், உரும்பிராய்ப் பக்கம். 1995 அக்டோபர் 30 அன்று போருக்குப் பயந்து, அந்தப் பகுதியான வலிகாமத்து ஜனம் மொத்தமும் வீட்டைப் பூட்டிக்கொண்டு, கொட்டும் மழையில் நாவற்குழிப் பாலம் தாண்டித் தென்மராட்சிக்கு நடந்ததே, அந்தக் கூட்டத்தில் பள்ளிக்கூடப் பிள்ளையாக இவளும் இருந்தாள். அடுத்த வருஷம் படகில் ராமேஸ்வரம், பிறகு அகதி முகாம், பிறகு படிப்பு, வேலை, கல்யாணம். எனக்கு வேதாரண்யம். எங்கள் ஊருக்குச் சென்னையைவிட யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறை பக்கம். இரண்டு பக்கமும் மணல், பனை, உப்புக்காற்று, புகையிலைத் தோட்டம். வெகு தூரத்து நாட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தால் ஊர் ஞாபகம் எப்போதாவதுதான் வரும் என்று நினைக்கிறேன். இவளுக்குத் தெருவில் இறங்கினாலே வந்துவிடும்.

ஆவணி மாதம் எங்கள் கொல்லையில் பனம்பழம் விழ ஆரம்பிக்கும். எங்கள் வீட்டில் அதை மாட்டுக்குப் போடுவார்கள், பிள்ளைகள் சுட்டுச் சப்பும், கொட்டையைக் கிழங்குக்குப் புதைப்போம். கல்யாணமான புதிதில் ஒரு நாள் பிள்ளைகள் சருகைக் கூட்டிப் பழம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். இவள் துவைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு வந்தாள். "இஞ்சாருங்கோ, எங்கட அம்மம்மா பனங்காய் சுடேக்க வாற மணம்!" என்றாள்.

சுட்ட பழத்தின் மேல்தோலை உரித்து, கொட்டையோடு தண்ணீர் தெளித்துப் பிசைந்து, நாரில்லாமல் துணியில் வடித்தெடுத்தால் மஞ்சள் நிறத்தில் களி கிடைக்கும். அதைக் காய்ச்சி, சர்க்கரையும் மாவும் சேர்த்துச் சின்னச் சின்ன உருண்டையாக எண்ணெயில் கிள்ளிப்போட்டால் பனங்காய்ப் பணியாரம். களியைப் பாயில் ஊற்றி, காயக் காய மேலே மேலே ஊற்றி, நாள்கணக்கில் வெயிலில் வைத்தெடுத்தால் பனாட்டு. அன்று சாயங்காலம் முழுக்க அவள் பேசியது பணியாரத்தைப் பற்றி இல்லை. பிசைந்து பிசைந்து முழங்கை வரை மஞ்சளாகிப்போன அம்மம்மாவின் கை, பனாட்டுப் பாய்க்குக் காவலாகத் தன்னை உட்கார வைத்தது, காகம் விரட்டுகிற சாக்கில் ஓரத்தைப் பிய்த்துத் தின்றது. அம்மம்மா எப்படி இருப்பார் என்று முன்பு நான் கேட்டபோதெல்லாம் "நல்லாத்தான் இருப்பா" என்பதற்கு மேல் சொல்லாதவள்.

இந்த இடத்தில் சொந்தக்காரர்கள் பாசமாகச் செய்யும் ஒரு காரியம் இருக்கிறது. "இது எங்க ஊர்லயும் இருக்கே!" என்பார்கள். அந்நியமாக நினைத்துவிடக் கூடாதே என்ற நல்லெண்ணம்தான். ஆனால் பேச்சு அதோடு நின்றுவிடும், நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இருக்கட்டும், நம் ஊரிலும் பனை இருக்கிறது. அவளுக்கு வேண்டியது அந்த ஒரு பனை. அதனால் "யாரு பிசைவாங்க? எந்த இடத்துல உக்காந்து?" என்று கேளுங்கள். ஆளையும் இடத்தையும் கேட்டால் கதை நீளும்.

மணத்துக்கு ஏன் இவ்வளவு வேகம் என்பதற்குக் காரணம் உண்டு. கண், காது தரும் செய்திகள் மூளையில் தாலமஸ் என்ற பகுதியைத் தொட்டுவிட்டுத்தான் போகின்றன. வாசனை அப்படிச் சுற்றாமல், உணர்ச்சியையும் நினைவையும் கவனிக்கும் அமிக்டலா, ஹிப்போகாம்பஸ் பக்கம் நேரே போய்விடுகிறது. யோசிக்கும் முன்பே கண் கலங்குவது இதனால்தான்.

அடுப்படியில் யாழ்ப்பாணத் தூள் பெரிய விஷயம். மல்லி, மிளகு, சீரகம், சோம்பு, வெந்தயம், கறிவேப்பிலை என்று ஒவ்வொன்றாக வறுத்து, மிளகாயைக் கருகவும் விடாமல் சிவப்பிலும் நிறுத்தாமல் வறுத்து, மஞ்சள் சேர்த்து அரைப்பார்கள். எங்கள் வீட்டுக் குழம்புத்தூளைவிட நிறம் கறுப்பு, உறைப்பு அதிகம். வறுக்கிற அன்றைக்குத் தெருக்கோடி வரை தும்மல். மில்காரர், சோம்பு வாசம் அடுத்தவர் தூளில் ஏறிவிடும் என்று எங்களுடையதைக் கடைசியாகத்தான் போடுவார். அம்மாவுக்கு ஆரம்பத்தில் இந்த நெடி ஒத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் தூளுக்கென்று ஒரு தனி டப்பாவை ஒதுக்கி, ஈரக்கை படாமல் பார்த்துக்கொண்டது அம்மாதான். புகுந்த வீட்டு அலமாரியில் ஒரு டப்பாவுக்கு நிரந்தர இடம் கிடைப்பது சின்ன விஷயம் என்று நான் நினைக்கவில்லை.

எல்லா மணமும் பணியாரத்தைக் கொண்டுவராது. இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் எங்கள் கரையில்தான் ஏறியது. தென்னை, மா எல்லாம் சாய்ந்து கிடந்தன, பனை பெரும்பாலும் நின்றது. வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. எங்கேயோ கிடைத்த கொஞ்சம் மண்ணெண்ணெயை அம்மா அரிக்கேனில் ஊற்றப்போனபோது இவள் தடுத்தாள். "இவ்வளவு விடாதேங்கோ மாமி, பஞ்சு நனைஞ்சால் காணும்." ஒரு ஜாம் பாட்டிலைக் கழுவித் துடைத்து, அடியில் பஞ்சு வைத்து, அது நனையும் அளவுக்கு எண்ணெய் விட்டு, கம்பியில் திரி கட்டி உள்ளே இறக்கினாள். பாட்டிலே சிமினி. முட்டை அளவு வெளிச்சம், ஆனால் இரவெல்லாம் அணையவில்லை.

சின்ன வயதில் பழகிய விளக்கு அது. போர்க்காலத்தில், 1990-லிருந்து, யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை. மின்சாரம் கிடையாது. மண்ணெண்ணெய் தங்க விலை. பேட்டரிக்குத் தடை என்பதால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டார்கள். இந்த ஜாம் பாட்டில் விளக்கில்தான் தான் படித்ததாக அன்று சொன்னாள். புயலில் ஊரே கலங்கி நின்றபோது, எங்கள் வீட்டில் நிதானமாக இருந்தது அவள் ஒருத்திதான். தடைக் கால வாழ்க்கை அவளுக்குள் எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது என்று அந்த மண்ணெண்ணெய் நாற்றத்தில்தான் எனக்குப் புரிந்தது.

அதே புயலுக்குப் பிறகு, விழுந்திருந்த சில பனைகளைத் துண்டு போட்டுச் சாலையோரம் அடுக்கியிருந்தார்கள். அதைக் கடக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள், எதுவும் பேசவில்லை. பிறகு வேறொரு நாள் அவளே சொன்னாள்: வீட்டு முற்றத்தில் பங்கர் வெட்டினால் மேலே பரப்புவது பனங்குற்றிதான், அதன் மேல் மண் மூட்டை. விமானச் சத்தம் கேட்டால் அதற்குள் இறங்கிவிட வேண்டும், பச்சைப் பனங்குற்றியின் வாடையோடு உட்கார்ந்திருக்க வேண்டும். இப்படிப்பட்ட நினைவுகளைத் தோண்டாதீர்கள். கேள்வி வேண்டாம், ஆறுதல் வார்த்தையும் உடனே வேண்டாம். கூட நடந்தால் போதும். தீபாவளிக்கு எங்கள் வீட்டில் வெடி வாங்குவதில்லை, மத்தாப்பு மட்டும். பிள்ளைகளுக்குக் காரணம் தெரியும், அவர்கள் ஒரு நாளும் முரண்டு பிடித்ததில்லை.

நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்குப் போகும் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாளிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கிய பிறகு குடும்பத்தோடு போய்வந்தோம். கிடுகு வேலி இருந்த ஒழுங்கைகளில் இப்போது மதில். அவள் தேடிய வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். அதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால் சிவப்பு மண் தோட்டத்தில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த இடத்தில் மகள் நின்று மூச்சை இழுத்துவிட்டு, "அம்மா, நீ சொன்ன மணம் இதானே?" என்றாள். வேதாரண்யத்து மணலில் பிறந்த பெண். செம்மண் நனைகிற மணத்தை அவள் அதற்கு முன் அம்மாவின் வாய்ச்சொல்லில் மட்டுமே அறிந்திருந்தாள்.

இப்படி ஒரு வீடு உங்களுடையது என்றால் சில காரியங்களைத் தள்ளிப்போடாதீர்கள். மாமியார் சமைக்கும்போது பக்கத்தில் நின்று, அவர் ஒரு கை என்று போடுவதை ஆழாக்கில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பாக்கெட் தூள் கடையில் கிடைக்கும், அந்த வீட்டுத் தூள் கிடைக்காது. என் மாமியாரிடம் தூளை அளந்து எழுதி வைத்துவிட்டேன். காயவைத்த பனங்கிழங்கு மாவில் செய்யும் ஒடியல் கூழ் இன்னும் பாக்கி. ஒடியல் மாவை எத்தனை தண்ணீர் மாற்றி ஊறவைத்துப் பிழிவது, பலாக்கொட்டையும் பயத்தங்காயும் எப்போது, நண்டும் மீனும் எப்போது என்பதெல்லாம் அவர் கைக்கு மட்டுமே தெரியும். அவருக்கு வயதாகிவிட்டது. வருகிற தை மாதம் கிழங்கு பிடுங்கியதும் ஒடியலுக்குக் காயவைத்து, அவரை அழைத்துவந்து உட்கார வைத்துவிடுவதாக இருக்கிறேன். நீங்களும் இந்த வருஷமே செய்துவிடுங்கள்.