அப்பொல்லோவும் டாப்னேயும்

கிரேக்கரின் தெய்வங்களை ஏற்ற உரோமையர் சேயுசை யூப்பிட்டர் என்றும், எர்மெசை மெர்க்குரி என்றும் அழைத்தனர். அப்பொல்லோவோ பழைய பெயருடனேயே உரோமைக்குள் வந்தார். ஒளிக்கும் இசைக்கும் கவிதைக்கும் அவரே தேவன். இத்துணைப் பெருமையுடையவர் ஒரு பெண்ணின் மனத்தை வெல்ல முடியாமற் போன கதையைத்தான் சிற்பி பெர்னினி சலவைக்கல்லில் வடித்தார். கர்தினால் சிப்பியோனே பொர்கேசேக்காக 1622-இல் இதைத் தொடங்கியபோது சிற்பிக்கு 24 வயதுகூட நிரம்பவில்லை. 1625-இல் முடிந்த அச்சிலை இன்றும் உரோமையின் பொர்கேசே மாளிகையில் உள்ளது. (புனித இராயப்பர் சதுக்கத்தை அணைத்து நிற்கும் 284 தூண்களைப் படங்களில் கண்டிருப்போமே, அவற்றைப் பிற்காலத்தில் அமைத்தவரும் இவரே!)

கதையைச் சொன்னவர் கவிஞர் ஓவிட். அப்பொல்லோவின் ஏளனத்தால் சினந்த குப்பிட் என்னும் காதல் தேவன், அவர்மீது பொன் அம்பையும், டாப்னேமீது ஈய அம்பையும் எய்தான். பொன் அம்பு காதலை மூட்டும். ஈய அம்பு அதை விரட்டும். டாப்னே ஆற்றுத் தேவன் பெனேயுசின் மகள். மணம் வேண்டாம், காட்டில் வேட்டையாடித் திரிவதே போதும் என்று தந்தையிடம் முன்பே இசைவு பெற்றவள். அப்பொல்லோ துரத்த, ஓடிக் களைத்தவள் தந்தையைக் கூவி அழைத்தாள். அவள் உடல் லாரல் மரமாயிற்று.

மாறி முடிந்த மரத்தையன்று, மாறுகின்ற நொடியையே பெர்னினி பிடித்தார். கால் விரல்கள் வேராகின்றன. கை விரல்களில் இலைகள் துளிர்க்கின்றன. இடையைத் தொட்ட அப்பொல்லோவின் கையில் படுவது மரப்பட்டை! மெல்லிய இலைகளையும் வேர்களையும் செதுக்கியதில் பெர்னினியின் உதவியாளர் சூலியானோ பினெல்லிக்குப் பெரும் பங்குண்டு. அவர் பெயரையும் நாம் மறத்தலாகாது.

கர்தினாலின் இல்லத்தில் இக்கதை ஏன் என்று சிலர் கேட்கக்கூடும். நிலையா இன்பத்தைத் துரத்துவோரை எச்சரிக்கும் இலத்தீன் ஈரடி ஒன்று பீடத்தில் உள்ளது. எழுதியவர் மப்பெயோ பார்பெரினி. 1623-இல் எட்டாம் உர்பான் என்னும் பெயரில் பாப்பரசரானவர். நல்ல எச்சரிக்கைதான். ஆயினும் அது துரத்தியவனுக்கே உரைக்கப்பட்டது. துரத்தப்பட்டவளைப் பற்றி அதில் ஒன்றுமில்லை என்பதை நாம் கவனிக்கிறோம்.

மனைவியாகாதவளைத் தம் மரமாக்கிக்கொண்டார் அப்பொல்லோ. நமக்கு வாகைபோல, உரோமை வெற்றி வீரருக்கு லாரல் மாலையாயிற்று. அதற்கு இசைந்து மரம் தலையசைத்ததுபோல் தோன்றிற்று என்கிறார் ஓவிட். இசைவோ, வெறும் காற்றோ, யார் கண்டார்? பெர்னினியின் டாப்னே முகத்தில் இசைவின் சாயல் சிறிதும் இல்லை. வாய் திறந்து அலறிக்கொண்டிருக்கிறாள்.