கடல் கடந்த மருத்துவப் படிப்பும் பாதியில் திரும்பும் பிள்ளையும்



நம்மில் பெரும்பாலோர் கல்லாப்பெட்டியின் முன் உட்கார்ந்தே காலம் கழித்தவர்கள். மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் கற்றதுதான் நமது கல்வி. ஆகவே நம் பிள்ளைகளில் ஒருவராவது டாக்டராக வேண்டும் என்ற ஆசை நமக்கு இருப்பதில் வியப்பில்லை. சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் டிரஸ்ஸர் கொடுத்த மருந்தே மருந்து என்றிருந்த காலத்தைப் பெரியவர்கள் சொல்ல நாம் கேட்டிருக்கிறோம். ஆசை நல்லதே. ஆனால், "வெளிநாட்டுக் கல்லூரியில் இரண்டு வருஷம் படிக்கட்டும், பிறகு உள்நாட்டுக் கல்லூரிக்கு மாற்றிக் கொள்ளலாம்" என்ற பேச்சு நம்மிடையே உலவுகிறதே, அது எவ்வளவு தூரம் உண்மை என்பதை ஆராய்வது அவசியமாகும்.

பிள்ளைகள் வெளியே சென்ற காரணம்

சிங்கப்பூரில் 1905-ல் மருத்துவப் பள்ளி ஏற்பட்டது. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பகுதி 1960-களில்தான் நிறுவப்பட்டது. இடங்கள் குறைவு, விரும்புவோர் அதிகம். எனவே வசதியுள்ளோர் இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் அனுப்பினர். பின்னர் ரஷ்யா, உக்ரேன், இந்தோனேசியா, எகிப்து என்று பாதை விரிந்தது. இன்று நமது ஈப்போவிலேயே பேராக் அரச மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கெடாவில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆயினும், கட்டணம் குறைவு என்றும் மார்க்கு குறைந்தாலும் இடம் கிடைக்கும் என்றும் ஏஜெண்டுகள் சொல்ல, கடல் கடப்போர் இன்றும் உளர்.

என் குடும்பத்தில் நடந்தது

என் அக்காள் மகன் அவ்வாறு கிழக்கு ஐரோப்பாவுக்குச் சென்றான். "பிறகு மாற்றிக் கொள்ளலாம்" என்று ஏஜெண்டு வாயால் சொன்னதை நம்பி, "அனுப்புங்கள் மச்சான், பார்த்துக் கொள்ளலாம்" என்று என் மச்சானிடம் சொன்னவன் நான்தான். இரண்டு வருஷம் கழித்துப் பிள்ளை திரும்பினான். இங்கே ஒரு கல்லூரியில் விசாரித்தோம். "படித்த பாடங்களின் விவரம் எங்கே? மணிக்கணக்கு எங்கே? எதுவானாலும் முதலாண்டிலிருந்துதான் சேர முடியும்" என்றார்கள். அவன் கையில் மார்க்குச் சீட்டு ஒன்றுதான் இருந்தது. அக்காளின் நகைகள் அடகுக் கடையில் இருந்தன. பிள்ளை ஆறு மாதம் என் கடையில் மல்லியும் மிளகாயும் நிறுத்துக் கொண்டிருந்தான். வாடிக்கைக்காரர்கள், "டாக்டர் தம்பி, எப்போது வந்தீர்கள்?" என்று கேட்கும்போதெல்லாம் அவன் தலை குனிந்ததை நான் மறக்கவில்லை. அந்தத் தவறில் எனக்கும் பங்குண்டு. அதனாலேயே இதை எழுதுகிறேன்.

மாறுவது ஏன் கடினம்?

சரக்கு பிடிக்கவில்லையென்றால் திருப்பிக் கொடுக்க வியாபாரத்தில் 'கியார்' என்ற உரிமை உண்டு. மருத்துவப் படிப்பில் அது இல்லை. காரணங்கள் மூன்று.

முதலாவது, பாடத்திட்டம். முதல் இரண்டு வருஷம் உடற்கூறு, உடலியக்கம் முதலியன. பின்னர் ஆஸ்பத்திரி வார்டுகளில் பயிற்சி. ஒரு கல்லூரி ஒவ்வொரு பாடமாகக் கற்பிக்கும். மற்றொன்று இருதயம், நுரையீரல் என்று உறுப்பு உறுப்பாக எல்லாப் பாடத்தையும் சேர்த்துக் கற்பிக்கும். இதன் பாதியும் அதன் பாதியும் சேர்ந்து ஒன்றாகி விடாது.

இரண்டாவது, இடம். நோயாளிகளின் எண்ணிக்கைக்கும் ஆசிரியர்களின் எண்ணிக்கைக்கும் ஏற்பவே மாணவர்களைச் சேர்க்கலாம். நடுவில் காலி இடம் கிடைப்பது அரிது.

மூன்றாவது, பொறுப்பு. பட்டம் அளிக்கும் கல்லூரியே அந்த டாக்டரின் முழுப் படிப்புக்கும் ஜவாப்தாரி. தான் கற்பிக்காத வருஷங்களுக்கு அது எளிதில் கையெழுத்திடாது.

இவற்றுக்கெல்லாம் மேலே நிற்பது மலேசிய மருத்துவ மன்றம். 1971-ம் வருஷத்து மருத்துவச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் அங்கீகாரம் பெற்ற வெளிநாட்டுக் கல்லூரிகள் குறிக்கப்படுகின்றன. அதில் இல்லாத கல்லூரியின் பட்டதாரி தனிப் பரீட்சை தேறினால்தான் தற்காலிகப் பதிவு பெற்று ஆஸ்பத்திரியில் ஹவுஸ்மன் பயிற்சிக்குப் போக முடியும். பட்டியலும் நிலையானதன்று. நம் நாட்டுப் பிள்ளைகள் பலர் படித்த கிரிமியா மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் நீக்கப்படுவதாக 2005-ல் அறிவிப்பு வந்து, எத்தனையோ பெற்றோர் கலங்கினர். 2014-ல் அந்தப் பிரதேசமே ரஷ்யாவின் கைக்குப் போய்விட்டது.

உக்ரேன் யுத்தம் தந்த பாடம்

2022 பிப்ரவரி 24-ல் யுத்தம் மூண்டபோது, உக்ரேனில் இந்திய மாணவர் சுமார் 18,000 பேர் இருந்தனர். பெரும்பாலோர் மருத்துவம் படித்தவர். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் ஏராளம். உயிர் தப்பி வந்தவர்களுக்கு இந்தியாவிலேயே இடம் கொடுக்கும்படி தமிழக முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். வெளிநாட்டுக் கல்லூரி மாணவரை உள்நாட்டுக் கல்லூரியில் சேர்த்துக் கொள்ளச் சட்டத்தில் வழியில்லை என்று மத்திய அரசு அவ்வருஷம் செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. வேறொரு நாட்டுக் கல்லூரியில் தொடர்ந்து படித்து, பழைய கல்லூரியின் பட்டத்தையே பெறலாம் என்று மட்டும் மருத்துவ ஆணையம் இசைந்தது. 2023 மார்ச்சில்தான் இறுதியாண்டு மாணவர்களுக்கு இந்தியாவில் பரீட்சை எழுத விசேஷ வாய்ப்பு ஒன்று கிடைத்தது. அதில் தேறியும் இரண்டு வருஷப் பயிற்சி பெற வேண்டும் என்பது நிபந்தனை.

சகோதரர்களே, குண்டு விழுந்து ஓடி வந்த பிள்ளைக்கே இந்நிலை என்றால், "குளிர் பிடிக்கவில்லை, பாஷை புரியவில்லை" என்று திரும்பும் பிள்ளைக்கு எப்படியிருக்கும்?

முறையாக மாறியவர்கள்

ஆயினும், வெளிநாட்டில் தொடங்கி உள்நாட்டில் முடித்தவர் பலர் உண்டு. 1996-ல் ஏற்பட்ட பினாங்கு மருத்துவக் கல்லூரி மாணவர்கள் முதற்பகுதியை அயர்லாந்தின் டப்ளின் நகரில் படித்து, ஆஸ்பத்திரிப் பயிற்சியைப் பினாங்கில் பெற்றார்கள். 1997-ல் தொடங்கிய மலாக்கா மணிப்பால் கல்லூரியிலும் முதல் இரண்டரை வருஷம் இந்தியாவின் மணிப்பாலில், மீதி மலாக்காவில் என்றே ஏற்பாடு இருந்தது. இவர்களுக்கு எப்படி முடிந்தது? இரு தரப்பும் முன்கூட்டியே உடன்படிக்கை எழுதியிருந்தன. பாடங்கள் அதற்கென்றே வகுக்கப்பட்டிருந்தன. எழுத்தில் இருந்தது நடந்தது. ஏஜெண்டு வாயில் இருந்தது காற்றோடு போயிற்று. வேறுபாடு அவ்வளவுதான்.

நாம் செய்ய வேண்டியவை

மதரஸாவில் 'ஸலம்' வியாபாரம் பற்றி ஓதியிருக்கிறோம். பணத்தை முன்னால் கொடுத்துச் சரக்கைப் பின்னால் பெறும் வியாபாரம் அது. சரக்கின் இனம், தரம், அளவு, தவணை யாவும் தெளிவாக இருந்தாலன்றி அது கூடாது. தவணைக் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி திருக்குர்ஆன் அல்பகரா அத்தியாயத்தின் 282-ம் வசனம் கட்டளையிடுகிறது. நாலு மூட்டை அரிசிக்குப் பில் கேட்கும் நாம், பிள்ளையின் ஐந்து வருஷத்துக்கு எழுத்துக் கேட்காதிருப்பது முறையா?

1. அனுப்புமுன், கல்லூரியின் பெயர் பட்டியலில் உள்ளதா, பிள்ளையின் மார்க்கு மருத்துவத்துக்குரிய குறைந்தபட்சத் தகுதிக்குப் போதுமா என்று மருத்துவ மன்றத்திலேயே விசாரியுங்கள். ஏஜெண்டு காட்டும் தாளை நம்பாதீர்கள்.

2. முழுக் கட்டணத்தையும் ஒரே தடவையில் கட்டாதீர்கள். பருவம் பருவமாகக் கட்டுங்கள்.

3. திரும்ப நேர்ந்தால், இங்குள்ள கல்லூரி எந்த ஆண்டில் சேர்த்துக் கொள்ளும் என்று எழுத்தில் பெறுமுன் அங்கே பெயரை நீக்காதீர்கள். அந்த ஏற்பாட்டை மருத்துவ மன்றம் ஒப்புமா என்பதையும் கேட்டறியுங்கள்.

4. மார்க்குச் சீட்டு, பாடத்திட்டம், மணிக்கணக்கு, நன்னடத்தைச் சான்று ஆகியவற்றை முத்திரையுடன் பிள்ளை அங்கே இருக்கும்போதே வாங்கிவிட வேண்டும். வந்த பிறகு கடிதம் எழுதிப் பெறுவது கஷ்டம்.

5. முதலாண்டிலிருந்து மறுபடி தொடங்க நேர்ந்தாலும், மருந்தாளர் போன்ற வேறு படிப்புக்குப் போக நேர்ந்தாலும், அதை அவமானமாக எண்ணாதீர்கள். நஷ்டத்தை மறைத்து மேலும் முதல் போடும் வியாபாரி கடையையே இழப்பான்.

என் அக்காள் மகன் இன்று உள்நாட்டிலேயே மருந்தாளர் படிப்புப் படிக்கிறான். நகைகளில் பாதி திரும்பிவிட்டது. சென்ற நோன்புப் பெருநாளன்று அவன் என் கையைப் பிடித்து, "மாமா, அந்த ஆறு மாதம் நீங்கள் என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை" என்றான். கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை அவன் போகுமுன் ஏஜெண்டிடம் கேட்காமல் விட்டவன் நான். வந்தபின் பிள்ளையை என்ன கேட்பது?

நமது மக்களுக்குப் பயனுள்ள கல்வியையும், நமக்கு விசாரித்தறியும் புத்தியையும் அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.